டிக்கெட் இல்லாத பயணம்



ரயிலே ஓடாத ஊரில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று சங்கக் கூட்டங்களில் நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. டிப்ளமோ முடித்துவிட்டு தெற்கு ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்து, முப்பத்தாறு வருடம் வெயிலிலும் மழையிலும் லைனில் நடந்து ஓய்வு பெற்றவன் நான். மகனுக்கு இங்கே பொதுப்பணித் துறையில் வேலை என்பதால் நானும் என் மனைவியும் போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) வந்து சேர்ந்தோம். இந்த இதழில் இதுவரை நான் எழுதியதில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியம் மற்ற வீடுகளில் நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அதில் பெரும் தவறு என்னுடையதுதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் மனைவிக்கு 62 வயது. எடை 84 கிலோ. இரண்டு முழங்காலிலும் வலி. மாடிப்படி ஏறுவதென்றால் கண்ணில் நீர் வந்துவிடும். சென்னையில் இருக்கும் என் மைத்துனர் மகன் போனில், "மாமா, இப்ப வாரம் ஒரு ஊசி வந்திருக்கு. பேனா மாதிரி இருக்கும், நாமே போட்டுக்கலாம். எங்க ஆபீசில நாலு பேர் போட்டு இளைச்சுட்டாங்க. அத்தைக்கும் வாங்கி அனுப்பவா?" என்று கேட்டான். நானும் சரி என்றேன். டாக்டர் சீட்டு இல்லை. பில் போட்டால் விலை கூடும் என்று கடைக்காரர் சொன்னதால் பில்லும் இல்லை. கப்பலில் வந்த தெரிந்தவர் ஒருவரிடம் காப்பித்தூள், முறுக்கு, வேட்டி இவற்றோடு ஊசியையும் கொடுத்து அனுப்பினான். அட்டைப்பெட்டி இடத்தை அடைக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐஸ் பையோடு துண்டில் சுற்றி வைத்திருந்தான். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. கப்பலில் மூன்று நாள். ஐஸ் எத்தனை மணி நேரம் ஐஸாக இருந்திருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது ஊசி போட்ட மறுநாள் தொடங்கிய வாந்தி நிற்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. மூன்றாம் நாள் சிறுநீர் போவதும் குறைந்துவிட்டது. பயத்திலும் கோபத்திலும் நான் அந்தப் பேனாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். காலையில் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. அன்று மாலை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தமிழ் தெரிந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம்? அட்டை எங்கே?" என்பது. என்னிடம் பதில் இல்லை. சென்னைக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது, கடையில் சின்ன அளவு இல்லையென்று 1 மில்லிகிராம் பேனாவைக் கொடுத்திருக்கிறார்கள். 0.25 மில்லிகிராமில் தொடங்க வேண்டிய மருந்து அது!

ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றி, சிறுநீரகத்தைக் காப்பாற்றி, அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று நலமாக இருக்கிறாள். கடவுள் புண்ணியம், டாக்டர்கள் புண்ணியம்.

புதிதாகத் தண்டவாளம் போட்ட இடத்தில் முதல் நாளே எக்ஸ்பிரசை முழு வேகத்தில் விடமாட்டோம். முதலில் 20 கிலோமீட்டர் வேகம், ஜல்லி இறுகியபின் 45, பிறகு 75 என்று படிப்படியாகத்தான் ஏற்றுவோம். இந்த ஊசியும் அப்படித்தான். எடை குறைப்புக்கான செமாகுளுட்டைட் ஊசி நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.25, 0.5, 1, 1.7, 2.4 மில்லிகிராம் என்று ஏறுகிறது. உடம்பு தாங்குகிறதா என்று டாக்டர் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். வாழ்நாள் முழுவதும் காஷன் ஆர்டர் எழுதிக் கொடுத்தவன், சொந்த வீட்டில் காஷன் ஆர்டரே இல்லாமல் வண்டியை விட்டுவிட்டேன்.

வீடு திரும்பியதும் என் மகன், "கடைக்காரன் மேலயும் கம்பெனி மேலயும் கேஸ் போடலாம்பா. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்காங்க" என்றான். வக்கீல் நண்பர் ஒருவரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். சீட்டு இல்லை, பில் இல்லை, அட்டை இல்லை, பேட்ச் எண் இல்லை, பேனாவும் இல்லை. ஒன்றும் இல்லை. அன்று வாயடைத்து வந்த நான், அதன் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

மருந்தால் உடம்பு இளைக்க வைக்கும் ஆசை புதிதல்ல. அதனால் வந்த வழக்குகளும் புதிதல்ல. 1990களில் அமெரிக்காவில் ஃபென்ஃபுளூரமின், ஃபென்டெர்மின் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து 'ஃபென்-ஃபென்' என்று லட்சக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். 1997 ஜூலையில் மேயோ கிளினிக் டாக்டர்கள், இதைச் சாப்பிட்ட 24 பெண்களுக்கு இதய வால்வு கெட்டிருப்பதை வெளியிட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஃபென்ஃபுளூரமினும் அதன் உறவான டெக்ஸ்ஃபென்ஃபுளூரமினும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வழக்குகள் குவிந்தன. 1999ல் அந்த நிறுவனம் 375 கோடி டாலருக்கு ஒரு பொது சமரசத்துக்கு ஒத்துக்கொண்டது. அதோடு முடியவில்லை, பின்னர் அந்த நிறுவனம் இதற்காக ஒதுக்கிய தொகை 2,000 கோடி டாலரைத் தாண்டியது.

அந்தச் சமரசத்தில் பணம் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். வால்வு கெட்டதற்கு எக்கோ பரிசோதனை அறிக்கை வேண்டும். மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதற்குச் சான்று வேண்டும். 61 நாளும் அதற்கு மேலும் சாப்பிட்டவருக்கு ஒரு கணக்கு, 60 நாளோ அதற்குக் குறைவாகவோ சாப்பிட்டவருக்கு வேறு கணக்கு. ஒரு நாள் வித்தியாசத்துக்குக்கூடக் காகிதம்தான் சாட்சி.

பிரான்சில் நடந்தது இன்னும் வேதனையானது. செர்வியே என்ற நிறுவனம் மீடியேட்டர் என்ற மாத்திரையை 1976 முதல் 2009 வரை விற்றது. பெயருக்கு அது சர்க்கரை நோயாளிகளுக்கான மருந்து. பசியை அடக்கி உடம்பை இளைக்க வைக்கும் என்பதற்காகவும் டாக்டர்கள் ஏராளமானோருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிரெஸ்ட் நகரத்து நுரையீரல் டாக்டர் இரேன் ஃப்ராஷோன் என்ற அம்மையார், தன் ஆஸ்பத்திரி நோயாளிகளின் ஏடுகளைப் புரட்டிப் புரட்டி, மருந்துக்கும் வால்வு நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியே கொண்டுவந்தார். இறந்தவர்கள் 500 முதல் 2,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 2021 மார்ச்சில்தான் பாரிஸ் கோர்ட்டு அந்த நிறுவனத்தைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 27 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஏடுகள் இல்லாமல் போயிருந்தால் அந்த அம்மையாரின் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

நம் நாடும் இதற்கு விலக்கல்ல. சிபுட்ரமின் என்ற எடை குறைப்பு மாத்திரை இங்கும் விற்றது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது பெரிய ஆய்வு ஒன்றில் தெரிந்ததும், 2010ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2011 பிப்ரவரியில் தடை வந்தது. மனச்சோர்வை உண்டாக்கிய ரிமோனபாண்ட் என்ற இன்னொரு மாத்திரையும் அதற்குச் சற்று முன் தடை செய்யப்பட்டது.

இப்போதைய ஊசிகளுக்கு வருவோம். மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே வருடம் ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளுட்டைட் மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். ஆகவே நம் நாட்டு நிறுவனங்களின் மலிவான ஊசிகள் மூலைக்கு மூலை கிடைக்கும் காலம் இது. அமெரிக்காவில் 2023 ஆகஸ்டில் லூசியானாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, கடுமையான வயிற்றுக் கோளாறு வரலாம் என்று தன்னை எச்சரிக்கவில்லை என்று சொல்லி முதல் வழக்குகளில் ஒன்றைப் போட்டார். இரைப்பை இயங்காமல் போனது, குடல் அடைத்துக்கொண்டது என்று அடுத்தடுத்து வந்த வழக்குகளை 2024 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஃபெடரல் கோர்ட்டில் ஒன்றாகச் சேர்த்தார்கள். நோவோ நார்டிஸ்க், எலி லில்லி ஆகிய இரு நிறுவனங்களும் குற்றச்சாட்டை மறுக்கின்றன. கண் நரம்புக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பார்வை போகும் கோளாறு, செமாகுளுட்டைடால் மிக அரிதாக வரக்கூடிய பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2025 ஜூனில் அறிவித்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஃபிலடெல்ஃபியா வழக்கில் 2025 ஆகஸ்டில் நீதிபதி ஒரு முக்கியமான உத்தரவு போட்டார். இரைப்பை இயங்கவில்லை என்று சொல்பவர், உணவு இரைப்பையிலிருந்து எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று அளந்து பார்க்கும் பரிசோதனையால் அதைக் காட்ட வேண்டும். வாந்தி வந்தது, வயிறு உப்பியது என்பது மட்டும் போதாது என்பதே அது. ஃபென்-ஃபென்னுக்கு எக்கோ, இதற்கு இரைப்பைப் பரிசோதனை. தேசம் எதுவானாலும் கோர்ட்டு கேட்பது சான்றைத்தான்.

நான் இந்த ஊசிக்கு விரோதி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய், அதிக எடையால் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்கள் எல்லோரும் சொல்வது சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். விளம்பரம் செய்து கட்சிக்காரர் பிடிக்கும் வக்கீல்கள் அங்கே நிறைய உண்டு. நான் கேட்பது வேறு. கெடுதல் வந்தால், அது மருந்தின் குற்றமா, கடையின் குற்றமா, நம் குற்றமா என்று தெரிந்துகொள்ள நம் கையில் ஏதாவது இருக்கிறதா?

நம் நாட்டுச் சட்டம் ஒன்றும் மோசமில்லை. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. தயாரிப்பில் குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை கொடுக்காவிட்டாலும் தயாரிப்பாளர் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று அது சொல்கிறது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுக் கொடுக்கலாம். சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அதே சட்டத்தின் 87ஆம் பிரிவைப் படியுங்கள். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்றவர் மேல் வழக்கு நிற்காது. வல்லுநர் மேற்பார்வையில்தான் பயன்படுத்த வேண்டிய பொருள் என்றால், அந்த வல்லுநருக்குத் தகுந்த முறையில் எச்சரிக்கை கொடுத்திருந்தாலே, எச்சரிக்கவில்லை என்ற வழக்கிலிருந்து தயாரிப்பாளர் தப்பிவிடலாம். அதாவது, கம்பெனி டாக்டருக்குச் சொன்னால் போதும். டாக்டர் நமக்குச் சொல்ல வேண்டும். நடுவில் டாக்டரே இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டவனுக்கு யார் சொல்வது? டாக்டரைத் தாண்டிக் குதித்த அன்றே நம் வழக்கையும் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

இங்கேதான் எனக்கு ரயில்வே ஞாபகம் வருகிறது. ரயில்வே சட்டம் 124ஏ பிரிவின்படி, ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தவருக்கு, ரயில்வேயின் மேல் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்ட ஈடு உண்டு. உயிர் போனால் 8 லட்சம் ரூபாய். 2017 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை. தற்கொலை, குடிபோதை போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி யார் தவறு என்று ஏழைக் குடும்பம் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் முறையான பயணி என்பது போதும். அதற்கு டிக்கெட் வேண்டும். உடம்பின் அருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே கோரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது, குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் மறுத்துக் காட்டும் பொறுப்பு ரயில்வேக்கு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018ல் ரீனா தேவி வழக்கில் சொல்லியிருக்கிறது. டிக்கெட் தொலைந்து போனவருக்குச் சட்டம் இரக்கம் காட்டுகிறது. டிக்கெட்டே வாங்காதவருக்கு? நான் என் மனைவியை அனுப்பியது அப்படிப்பட்ட பயணத்தில்தான்.

மருந்து விஷயத்தில் இந்த ரயில்வே நியாயத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. புது மருந்தைப் பரிசோதிக்கும் ஆய்வில் சேர்ந்தவருக்கு அந்த ஆய்வினால் கெடுதல் வந்தால் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2019ஆம் வருட விதிகள் இருக்கின்றன. அதே மருந்தைக் காசு கொடுத்து, டாக்டர் சீட்டோடு வாங்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தவரோ, பெரிய கம்பெனியோடு கோர்ட்டில் மல்லுக்கட்ட வேண்டும். இது என்ன நியாயம்? விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி ஒரு நிதி வைத்து, முறையாக வாங்கி முறையாகப் போட்டுக்கொண்டவருக்குக் கடுமையான கெடுதல் வந்தால், யார் தவறு என்று வாதாடாமல் உதவித்தொகை கொடுக்கலாமே. கம்பெனிகள் பயந்து ஓடிவிடும், விலை ஏறிவிடும் என்பார்கள். ரயில்வே இத்தனை வருடமாகக் கொடுக்கிறது, ரயில் நின்றுவிடவில்லை. எடை குறைப்பு ஊசிகளுக்கு அனுமதி கொடுத்த முறை பற்றி டெல்லி ஐகோர்ட்டுக்கு ஒரு பொதுநல மனு வந்தபோது, 2025 ஜூலையில் கோர்ட்டு அதை மூன்று மாதத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கும்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்குச் சொன்னது. அனுமதியைப் பற்றிப் பேசுவது போல, நஷ்ட ஈட்டைப் பற்றியும் பேச வேண்டும்.

அரசாங்கம் செய்வது செய்யட்டும். நாம் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. தீவில் இருக்கும் நாம் எல்லாவற்றையும் ஊரிலிருந்து வருபவர் பையில் வரவழைத்துப் பழகிவிட்டோம். ஊறுகாய் வரட்டும், பட்டுப்புடவை வரட்டும். ஊசி மருந்து வேண்டாம். வந்தே தீர வேண்டிய மருந்து என்றால், இங்குள்ள டாக்டர் சீட்டின் பேரில், குளிர் கெடாமல், பில்லோடும் அட்டையோடும் வரட்டும். சீட்டு, பேட்ச் எண் போட்ட பில், அட்டைப்பெட்டி, உள்ளே இருக்கும் துண்டுக் காகிதம் ஆகியவற்றை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு போட்டது, என்ன ஆயிற்று என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கெடுதல் வந்தால் பேனாவை என்னைப் போல் குப்பையில் போடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மருந்துப் பக்கவிளைவை நோயாளியே தெரிவிக்கலாம். நுகர்வோர் புகாருக்கு 1915. ஒருவர் தெரிவிப்பது ஒரு வாந்திக் கதை. ஆயிரம் பேர் தெரிவித்தால் அது ஆதாரம்.

"பத்தே நாளில் பத்துக் கிலோ" என்று நோட்டீசும் வாட்ஸ்அப் செய்தியும் வருகிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பருமன் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட செய்தியை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் யோசியுங்கள்.

நம் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா, பட்டிமன்றத்தோடு வருடத்துக்கு ஒரு நாள், ஒரு டாக்டரையும் ஒரு வக்கீலையும் அழைத்து நம் குடும்பங்களோடு பேச வைக்க வேண்டும். சங்க நூலக அறையில் அந்த இரண்டு தொலைபேசி எண்களையும் பெரிதாக எழுதி ஒட்டலாம்.

என் மனைவி இப்போது காலையில் மரைன் பார்க் வரை மெதுவாக நடந்து போய் வருகிறாள். டாக்டரம்மா கொடுத்த சாப்பாட்டுக் கணக்குப்படி மூன்று கிலோ குறைந்திருக்கிறது. முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. ஊசி தேவைப்பட்டால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், முதல் படியிலிருந்து தொடங்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து வைத்திருக்கிறேன். அதன் மூடியில் என் மனைவி தன் கையாலேயே, "டிக்கெட்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.